காமன் பொட்டலில் கேமரா

(வலப்பனையில் இளம் ஒளிப்படக்காரர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டுக் காமன் ஊன்றுவார்கள். கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற நம் பையன்கள் லீவு சொல்லிவிட்டு இராகலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அவர்களில் ஒருவன் ரதி, ஒருவன் மன்மதன், ஒருவன் வீரபத்திரன். அந்த இரவுகளில் நீங்களும் கூத்து நடக்கும் பொட்டலில் நிற்பீர்கள். எங்கே நிற்பது, எதை எடுப்பது, எடுத்த படத்தை என்ன செய்வது? இதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘இளைஞர்களின் இசைநாடகத்தைப் படமெடுத்தல்’. இசைநாடகம் என்றதும் கொழும்பு அரங்கும் வண்ண விளக்கும் உங்கள் நினைவுக்கு வரலாம். எனக்குக் காமன் கூத்துதான் வருகிறது. அதில் கதையை நடத்துவது பாட்டு. ஆட்டத்தை நடத்துவது தப்பு மேளம். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். மேடை கிடையாது, திரை கிடையாது, டிக்கெட் கிடையாது. தோட்டமே கூடி நின்று விடிய விடியப் பார்க்கிறது. இதைவிடப் பெரிய இளைஞர் அரங்கு மலையகத்தில் வேறு எது?

நம் மலையகத் தமிழ் மக்களை மற்றவர்கள் எடுத்த படங்களிலிருந்து தொடங்குகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்கோவென், ஸ்கீன், பிளேட்டே போன்ற கம்பெனிகள் இலங்கையைப் படமெடுத்து விற்றன. மலையும் அருவியும் யானையும் விற்ற அதே கடையில் நம் பாட்டிமார்களின் படமும் விற்பனைக்கு இருந்தது. கூடையைத் தலையில் மாட்டி, கொழுந்தில் கை வைத்து, கேமராவைப் பார்த்து நிற்கும் பெண்கள். அடியில் ‘தமிழ்க் கூலிகள்’ என்றோ ‘கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்’ என்றோ இருக்கும். பெயர் இருக்காது. எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் பார்ப்பது என்று எல்லாவற்றையும் இன்னொருவர் சொல்லியிருக்கிறார். அந்தப் படங்கள் தபால் அட்டைகளாகி உலகம் சுற்றின. இன்றைக்கும் தேயிலைப் பெட்டிகளில் அதே கூடை, அதே சிரிப்பு, அதே பெயரில்லாத முகம்.

இரண்டாவது வகைப் படம் நம் டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் மனிதர்களைப் பங்கு பிரித்தன. அதற்காக விண்ணப்பம், கடவுச்சீட்டு, குடும்பப் படம். நான் போய்ப் பார்த்த லயங்களில் பல வீடுகளில் இருக்கிற மிகப் பழைய படம் அதுதான். சுவரோடு ஒட்டி நிற்கிற தாத்தா, சிரிக்கக் கூடாது என்று யாரோ சொன்னதுபோல இறுகிய முகம். இதிலும் நிற்கும் விதத்தைத் தீர்மானித்தவர் வேறொருவர். இந்த முறை அரசாங்கம்.

மூன்றாவது வகைதான் நீங்கள் எடுக்கப் போகிற படம். கூத்தில் ஆடுகிற பையன் தன் உடையைத் தானே தேர்ந்தெடுக்கிறான். தன் முகத்துக்குத் தன் ஆட்களைக் கொண்டே அரிதாரம் போட்டுக்கொள்கிறான். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, எந்த வரியில் அழுவது என்பதெல்லாம் அவனும் அவனுடைய கூத்து மாஸ்டரும் எடுத்த முடிவு. வேலையாளாகவும் கோப்பு எண்ணாகவும் படத்தில் விழுந்த ஒரு சமூகம், தான் விரும்பிய உருவத்தில் கேமராவுக்கு முன் வருகிற இடம் காமன் பொட்டல். இதனால்தான் கூத்துப் படத்தைத் திருவிழா ஞாபகத்துக்கான படமாக மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை.

இங்கே ஒரு ஒளிப்படக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போகவந்தலாவை தூய மரியாள் ஆலய முற்றத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கெமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில்தான் முதல் கேமரா கைக்கு வந்தது. ஒளிப்பட வரலாற்றை எழுதும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கெமரனை நம் பாடப்புத்தகங்களில் கோல்புரூக் – கெமரன் ஆணைக்குழு என்ற பெயரில் படித்திருப்பீர்கள். குடும்பத்துக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1875இல், அவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

வருவதற்கு முன் இங்கிலாந்தில் அவர் கடைசியாகச் செய்த பெரிய வேலை, கவிஞர் டெனிசனின் ஆர்தர் அரசன் கதைகளுக்குப் படங்கள் எடுத்தது. வீட்டுப் பிள்ளைகள், உறவினர், வேலைக்கார இளம்பெண்கள், தெருவில் போன ஆள் என்று பிடித்து நிறுத்தி, ராணி உடுப்பும் கவசமும் மாட்டி, நாடகக் காட்சி அமைத்து எடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவ வேண்டிய காலம். ஒரு படத்துக்கு ஆட்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்ற பணிப்பெண்களின் பெயர்கள்கூட நமக்குத் தெரியும். மேரி ஹிலியர், மேரி ரயன். இன்றைக்கும் அருங்காட்சியகங்கள் அந்தப் பெயர்களை எழுதித்தான் படத்தை மாட்டுகின்றன.

இலங்கைக்கு வந்த பிறகு அவர் எடுத்து இன்று மிஞ்சியிருப்பவை முப்பது படங்களுக்கும் குறைவு. களுத்துறையிலும் தோட்டத்திலும் எளிய மனிதர்களை எடுத்தார். அழகான படங்கள். அந்தக் கண்களைப் பார்த்தால் நகர மனம் வராது. ஆனால் அந்த முகங்களுக்குப் பெயர் இல்லை. இங்கிலாந்தில் பணிப்பெண்ணின் பெயரைப் பதியவைத்த அதே ஒளிப்படக்காரியின் படத்தில் இங்கே ‘குடியானவர்கள்’ என்ற சொல்தான் மிஞ்சியது. 1879 ஜனவரியில் அவர் மலைநாட்டிலேயே இறந்தார். போகவந்தலாவைக்குப் போனால் அந்தக் கல்லறைக்கு ஒரு பூ வையுங்கள். நாடகம் ஆடுகிற இளம் முகங்களைப் படமாக்குவது பெரிய கலை என்று உலகுக்குக் காட்டியவர்களில் அவர் ஒருவர். அவர் எழுதாமல் விட்ட பெயர்களை எழுதுகிற வேலை நமக்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது தொழிலுக்கு வருவோம். கூத்தைப் படமெடுக்க முதலில் கூத்துத் தெரிய வேண்டும். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான், போக வேண்டாம் என்று ரதி தடுக்கிறாள், தான் கண்ட கெட்ட கனவுகளைச் சொல்கிறாள், அவன் போகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, எரிகிறான், ரதி ஒப்பாரி வைக்கிறாள், மூன்றாம் நாள் உயிர் எழுப்புகிறார்கள். இவ்வளவு எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு இதற்கு மேல் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், மாஸ்டர் எங்கே நிற்கிறார், வீரபத்திரன் எந்த அடிக்குப் பாய்கிறான். ஒத்திகைக்குப் போங்கள். கேமரா இல்லாமல் போங்கள். பாட்டைக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கூத்தின் இசையில் ஒளிப்படக்காரனுக்கு ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. பாத்திரம் ஒரு வரியைப் பாடும். பின்பாட்டுக்காரர்கள் அதே வரியை வாங்கிப் பாடுவார்கள். பாத்திரம் அப்போது ஆடும். ஒரே வரி இரண்டு முறை, சில இடங்களில் மூன்று நான்கு முறை வரும். முதல் முறை வரும்போது கையும் கண்ணும் எங்கே போகின்றன என்று பாருங்கள். வரி திரும்பும்போது நீங்கள் இடம் மாறி, குனிந்து, குறி பார்த்துத் தயாராக இருப்பீர்கள். சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற மேடையில் இந்த இரண்டாம் வாய்ப்புக் கிடைக்காது. அதோடு, தப்பின் அடி முடிகிற இடத்தில் ஆட்டக்காரன் ஒரு கணம் உறைந்து நிற்பான். சலங்கை நிற்கும், தலை நிமிரும், கண் ஓரிடத்தில் குத்தி நிற்கும். படம் அங்கே இருக்கிறது. கண்ணால் பார்த்த பிறகு அழுத்தினால் அந்தக் கணம் போய்விட்டிருக்கும். காதால் கேட்டு முன்கூட்டியே அழுத்த வேண்டும்.

வெளிச்சம் அடுத்த விஷயம். முன்பு தீப்பந்தமும் பெட்ரோமெக்ஸும் இருந்தன. இப்போது பொட்டலுக்குக் குறுக்கே வயர் இழுத்து வெள்ளை எல்ஈடி பல்புகள் தொங்குகின்றன. வெள்ளை வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் கண்குழி கறுத்துவிடும். பல்புக்கு நேர் கீழே ஆடும்போது எடுக்காதீர்கள். வெளிச்சம் கன்னத்தில் பக்கவாட்டில் விழும் இடத்துக்கு அவர் வரும்வரை பொறுங்கள். விழாக்குழுவோடு முன்கூட்டியே பேசி ஒரு பல்பைக் கொஞ்சம் தாழ்த்தி, பக்கவாட்டாகக் கட்டச் சொல்லலாம். மரியாதையாகக் கேட்டால் செய்துதருவார்கள்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். காப்புக் கட்டி விரதமிருந்து, பாத்திரத்துக்குள் போய்விட்ட பையனின் கண்ணில் அந்த வெளிச்சத்தை அடிப்பது அவனை அங்கிருந்து பிடித்து வெளியே இழுப்பது. பனிமூட்டம் இறங்கியிருந்தால் படமும் வெள்ளைச் சுவராகத்தான் வரும். கேமரா வைத்திருப்பவர்கள் 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸ் ஒன்று பழையதாகவாவது வாங்குங்கள். ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் போங்கள். முகபாவத்துக்கு 1/125 விநாடி போதும். வீரபத்திரன் பாய்வதற்கு 1/250 வேண்டும். படத்தில் புள்ளி தெறிக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். புள்ளி விழுந்த படத்தில் முகம் இருக்கும். ஆடிப்போன படத்தில் அதுவும் இருக்காது.

காமன் தகனத்துக்குத் தனியாகத் தயாராக வேண்டும். அதுவரை இருட்டுக்குப் பழகிய கேமரா, தீ எழுந்ததும் தடுமாறும். வெளிச்ச அளவை அதனிடமே விட்டால் தீ வெள்ளைப் பொத்தலாகத் தெரியும். போனில் எடுப்பவர்கள் திரையில் தீயைத் தொட்டு வெளிச்சத்தை இழுத்துக் குறையுங்கள். கேமராவில் வண்ணச் சமநிலையைப் பகல்வெளிச்சத்தில் நிறுத்துங்கள். தீ தன் மஞ்சளோடும் சிவப்போடும் நிற்கும். இன்னொன்று, கம்பம் எரியும்போது எல்லாக் கேமராவும் தீயைப் பார்க்கும். நீங்கள் தீக்கு முதுகு காட்டுங்கள். அந்த வெளிச்சத்தில் ரதியின் முகம் இருக்கிறது, அவள் பின்னால் சுற்றி நிற்கிற அம்மாமார்களின் முகங்கள் இருக்கின்றன. ஆணொருவன் சேலை கட்டிப் பாடும் ஒப்பாரிக்கு, புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் உண்மையாகவே அழுகிற இடம் அது. இதை எடுக்கலாமா கூடாதா என்று அந்தந்த நேரத்தில் உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள். நான் பல முறை கேமராவைக் கீழே இறக்கியிருக்கிறேன்.

இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் பக்கத்தில் மாசி இரவு எப்படிக் குளிரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பெட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். தேநீர் குடிக்க அடுப்படிக்குள் போகும்போது கேமராவைப் பைக்குள் கட்டி வையுங்கள். குளிர்ந்த கண்ணாடி சூட்டுக்கு வந்தால் லென்ஸ் முழுக்க நீர் பூக்கும்.

அதே குளிர் உங்களுக்கு ஒரு காட்சியையும் தருகிறது. ஆட்டம் தொடங்குமுன் தப்புகளை நெருப்பில் காய்ச்சுவார்கள். குளிரில் தோல் தளர்ந்துபோகும். காய்ச்சினால்தான் சத்தம் எழும்பும். வைக்கோல் தீயைச் சுற்றிக் குந்தியிருக்கும் தப்புக்காரர்கள், விரலால் தட்டிப் பார்க்கும் காது, சிவந்த முகம். இதைவிட நல்ல படம் அன்றிரவு கிடைப்பது கடினம். ஆனால் நான் பார்த்த காமன் கூத்துப் படங்களில் தப்புக்காரர்கள் அதிகம் இல்லை. ரதி இருப்பாள், மன்மதன் இருப்பான், முன்வரிசைத் தலைவர் இருப்பார். தப்படிப்பவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கிய வழக்கம் நம் லயங்களிலும் இருந்தது; அது சட்டகத்துக்குள்ளும் வந்துவிட்டது. அவர்கள் இல்லாமல் ஒரு அடி நகராத கூத்தில் அவர்கள் இல்லாத படத்தொகுப்பு பொய். உங்கள் தலைமுறை அந்தப் பொய்யைத் தொடரக் கூடாது.

ரதி வேடம் கட்டுகிற தம்பியைப் பற்றியும் பேசியாக வேண்டும். வேடம் கட்டும் இடத்தில் பாதி அரிதாரத்தோடு, சேலை கட்டி முடியாமல் இருக்கும் நேரத்தில் எடுத்த படத்தை முகநூலில் போட்டால் அடியில் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் அந்தப் பையன் ஆட வரமாட்டான். அவனுக்குப் பதில் இன்னொருவன் பழகக் கிடைக்காவிட்டால், அந்தத் தோட்டத்தில் காமன் ஊன்றுவதே நின்றுபோகலாம். வேடம் கட்டும் இடத்துக்குக் கேட்டுவிட்டுப் போங்கள். எடுத்ததை அவனிடம் காட்டுங்கள். அவன் வேண்டாம் என்றால் அவன் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் என்றால் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லாமல் எதையும் வெளியே போடக் கூடாது.

பாடசாலை என்றதும் இன்னொரு மேடை நினைவுக்கு வருகிறது. தமிழ்த் தினப் போட்டிக்காக நம் பிள்ளைகள் நாட்டிய நாடகமும் வில்லுப்பாட்டும் பழகுகிறார்கள். கோட்ட மட்டம், வலய மட்டம் என்று மேலே போகிறார்கள். அங்கே எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலும் பரிசு வாங்கும் கைதான் இருக்கிறது. ஆடிய பிள்ளையின் முகத்தையும் எடுங்கள். இளைஞர் அரங்கு என்றால், பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடங்கிய ‘மக்கள் களரி’ தமிழ், சிங்கள இளைஞர்களைச் சேர்த்து நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோன கதையையும் தேடிப் படியுங்கள். களரி அரங்கில் பார்வையாளர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். காமன் பொட்டலும் அப்படித்தான். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் நடிகனுக்குப் பின்னால் ஊர் தெரியும். பின்புலத்தில் ஆட்கள் தலை தெரிகிறதே என்று வருந்தாதீர்கள். தோளில் குழந்தையோடு நிற்கும் அப்பாவும், கம்பளி போர்த்திய கிழவியும் அந்தப் படத்தின் பாதி.

இசைநாடக ஆசை நமக்கு நேற்று வந்ததில்லை. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இளம் வயதிலேயே, 1931இல், ‘விஸ்மாஜினி’ என்ற இசைநாடகத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1934இல் தாகூர் சாந்திநிகேதன் மாணவர்களோடு இலங்கை வந்து ‘சாபமோசனம்’ நாட்டிய நாடகத்தை நடத்தியபோது, சி.வி. அவரைக் கண்டு தன் நூலைக் கையில் கொடுத்தார். பின்னாளில் அதே சி.வி.தான் நம் மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பாட்டு அப்படி ஏட்டுக்கு வந்துவிட்டது. பாடியவர்களின் முகம் வர வேண்டும்.

ஆகவே கடைசி விஷயம், பெயர். நம் ஆட்களின் பெயர் நாள்தோறும் தவறாமல் எழுதப்பட்ட ஒரே இடம் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோல். கூலி கணக்குப் பார்க்க எழுதினார்கள். நீங்கள் கலை கணக்குப் பார்க்க எழுதுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஆடியவர் பெயர், வேடம், தோட்டம், டிவிஷன், மாஸ்டர் பெயர், தப்படித்தவர்கள் பெயர், பின்பாட்டுப் பாடியவர்கள் பெயர், ஆண்டு, நாள். மறுநாள் காலையிலேயே ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் பின்பாட்டுக்காரரின் பெயர் மறந்துவிடும். பெயர் வேண்டாம் என்று சொல்பவருடையது கொப்பியோடு நிற்கட்டும். வெளியே போடும் படத்தில் வேடத்தின் பெயர் போதும்.

பிறகு படத்தைத் திருப்பிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது நல்லதுதான். கத்தாரிலும் துபாயிலும் இருக்கிற அண்ணன்மார் அன்றிரவே பார்ப்பார்கள். ஆனால் போன் உடைந்தால் அதோடு போய்விடும். காகிதத்தில் போட்டு ஆடியவருக்கு ஒன்று, மாஸ்டருக்கு ஒன்று, கோயிலுக்கோ வாசிகசாலைக்கோ ஒன்று கொடுங்கள். 2007 ஜனவரி மண்சரிவில் இந்த வலப்பனைப் பகுதி என்ன பட்டது என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். ஒரு லயம் சரிந்தால் அதிலிருந்த படங்களும் போகும். ஒரே படம் நாலு வீட்டில் இருந்தால் ஒன்றாவது மிஞ்சும். செலவுக்கு விழாக்குழுவிடம் கேளுங்கள். பூமாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்குவதில் ஒரு சின்னப் பங்கு போதும். கொடுக்கத் தயங்கினால் போன வருடத்து மன்மதனின் படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. படம் கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வந்து மேசையில் பரப்புங்கள். ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார் என்று சொல்லிக்கொண்டே வையுங்கள். தெரியாத முகம் இருந்தால் இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.